அடிஸ் அபாபாவில் முதல் கிறிஸ்துமஸ்: அண்ணாச்சிக்குப் பதில்

அண்ணாச்சி, தோத்திரம். எத்தியோப்பியாவுக்கு ஊழியத்துக்கு வந்த இடத்தில் முதல் கிறிஸ்துமஸ், அக்கா பேரப்பிள்ளைகளை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் வீட்டுக்காரியும் அங்கே நாலு கிறிஸ்துமஸ் இருந்தோம். முதல் வருஷம் எங்களுக்கும் அதே அழுகைதான்.

டிசம்பர் 25 அன்று பக்கத்து வீட்டார் வழக்கம்போல வேலைக்குக் கிளம்புவார்கள். அதுதான் மனசை ரொம்ப வாட்டும். அவர்களுடைய கிறிஸ்துமஸான 'கென்னா' ஜனவரி 7-ல். அதற்கு முன் 43 நாள் ஆர்த்தடாக்ஸ் சபையார் உபவாசம். கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். இது தெரியாமல் நாங்கள் கோழிப் பிரியாணி கிண்டி எல்லாரையும் கூப்பிட்டுவிட்டோம். பாவம், மரியாதைக்காக வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவருஷம் முந்திரிக்கொத்து சுட்டோம். பாசிப்பயறு, தேங்காய், அரிசிமாவு, எண்ணெய். உபவாசத்துக்கு ஒன்றும் பழுதில்லை. கருப்பட்டி கிடைக்காமல் பழுப்புச் சீனியில் பாகு காய்ச்சினோம். எதிர்வீட்டுப் பாட்டி ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, கடித்து, சிரித்து, உடனே எங்கள் திண்ணையிலேயே காப்பிக்கொட்டை வறுக்க உட்கார்ந்துவிட்டார். அந்த வாசனையில்தான் என் வீட்டுக்காரி முகம் தெளிந்தது. அக்காவையும் சுடச் சொல்லுங்கள்.

ஊரில் இருக்கிற பிள்ளைகளைக் காலையில் போனில் கூப்பிடாதீர்கள். ஆராதனை, விருந்தாள் என்று அவசரமாக வைத்துவிடுவார்கள், அது இன்னும் வலிக்கும். உங்களுக்குப் பகல் 3 மணி என்றால் ஊரில் மாலை ஐந்தரை. அப்போது நிதானமாகப் பேசலாம்.

ஜனவரி 7-ல் யார் கூப்பிட்டாலும் தட்டாமல் போங்கள். அவித்த முட்டை போட்ட அந்தக் கோழிக் குழம்பின் காரம் நம்ம நாக்குக்குச் சரியாக இருக்கும்.