இரண்டு வருடம் மாத்திரைக்குக் கேட்ட புற்று, இப்போது ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 54. தேயிலை பறிக்கும் வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் இரண்டு வருடமாக பால்போசிக்லிப், லெட்ரோசோல் மாத்திரைகள் சாப்பிடுகிறார். நன்றாகத்தான் இருந்தார். போன மாத ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளிகள். ஐப்பசி மழையில் ரோடு அடைபட்டு, கோயம்புத்தூர் போய் மருந்து வாங்க முடியாமல் ஐந்து நாள் விட்டுப்போனது. அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அழுகிறார். மருந்தின் அளவைக் கூட்டினால் சரியாகுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, முதலில் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அந்த ஐந்து நாளால் இது வரவில்லை. நீங்கள் அனுப்பிய காலண்டர் படத்தைப் பார்த்தேன். மாத்திரை போட்ட ஒவ்வொரு நாளும் பேனாவால் டிக் செய்திருக்கிறார். ஐப்பசியில் மட்டும் ஐந்து கட்டம் காலி. பால்போசிக்லிப்பை 21 நாள் போட்டு 7 நாள் நிறுத்துவதே முறை. வெள்ளை அணுக்கள் குறைந்தால் மருத்துவர்களே இன்னும் சில நாள் நிறுத்தி வைப்பார்கள். லெட்ரோசோலும் உடம்பில் சில நாள் தங்கக்கூடியது. இவ்வளவு கவனமாக மருந்து சாப்பிட்டவர் தன்னை நொந்துகொள்ளக் கூடாது.

பிறகு ஏன் வந்தது? அக்காவுக்கு இருப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை. லெட்ரோசோல் அந்த ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கிறது. செல் இரண்டாகப் பிரியத் தூண்டும் சிடிகே 4, சிடிகே 6 புரதங்களை பால்போசிக்லிப் தடுக்கிறது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள் உண்டு, எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலானவை மருந்துக்கு அடங்கினாலும், மரபணு மாறிய சில செல்கள் தாக்குப்பிடித்துவிடும். அவை மெதுவாகப் பெருகி, ஒரு நாள் ஸ்கேனில் தெரியும்.

அவை தப்பும் வழிகள் பல. ஈஎஸ்ஆர்1 என்ற மரபணு மாறினால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே அதன் ஏற்பி (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) வேலை செய்யத் தொடங்கும்; அப்போது ஹார்மோனைக் குறைத்துப் பயனில்லை. ஆர்பி என்ற புரதம்தான் செல் பிரிவதற்கு பிரேக். பால்போசிக்லிப் அந்த பிரேக்கை விடாமல் பிடித்துவைக்கும் மருந்து. பிரேக்கே இல்லாத செல்லில் அது எதைப் பிடிக்கும்? சிலவற்றில் பிஐகே3சிஏ மரபணு மாற்றம் வளர்ச்சிக்கு வேறு பாதை கொடுக்கிறது. குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் வண்டிகள் கோத்தகிரி வழியாக மலையேறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது போலத்தான். ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதம் அதிகமாக இருக்கும் வகைப் புற்றிலும் இதே கதைதான். அதற்கான டிராஸ்டுசுமாப் மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய வெளிப்பகுதியே இல்லாத, நறுக்கப்பட்ட ஹெர்-2 புரதம் சில செல்களில் இருக்கும்.

அதனால் அளவைக் கூட்டுவது உதவாது. வெள்ளை அணுக்கள்தான் இன்னும் குறையும். அக்காவின் புற்று எந்த வழியில் தப்பியது என்று பார்ப்பதே இப்போதைய வேலை. முடிந்தால் கல்லீரல் புள்ளியிலிருந்து ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘பழைய பயாப்ஸி ரிப்போர்ட்தான் இருக்கிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். பரவிய இடத்தில் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2வும் மாறியிருப்பது சிலரிடம் உண்டு, மாறினால் மருந்தும் மாறும். மரபணு மாற்றங்களைத் திசுவிலோ ரத்தத்திலோ பார்க்கலாம். ஈஎஸ்ஆர்1 மாறியிருந்தால், ஏற்பியையே அழிக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி ஒரு வழி. பிஐகே3சிஏ என்றால் ஃபுல்வெஸ்ட்ரன்ட்டோடு அல்பெலிசிப் மாத்திரை சேர்க்கலாம். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் அக்காவுக்கு சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பிறவியிலேயே பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு ஒலாபரிப் மாத்திரை உண்டு. கல்லீரல் வேகமாகப் பாதிக்கப்பட்டால் கீமோதான் முதலில்.

செலவு பெரிய கவலை என்று எனக்குத் தெரியும். 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்ததும் பால்போசிக்லிப்பின் விலை இறங்கியது, ஆனால் அடுத்த மருந்துகளில் சில இன்னும் விலை அதிகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், யாரோ சொன்னார்கள் என்று கஷாயம் ஏதாவது குடித்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். புது மருந்து முடிவாகும் வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இடையில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் கோயம்புத்தூர் போகும் நாளுக்காகக் காத்திராமல், அன்றே பக்கத்து மருத்துவமனைக்குப் போய் வெள்ளை அணுக்களைப் பாருங்கள்.