பட்டாணி வாங்கும் முன் ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள்

கேள்வி: வசந்த காலக் காய்கறிகள் வந்துவிட்டனவே என்று ஆசையாகத் தோலோடு பச்சைப் பட்டாணி வாங்கினேன். உறைய வைத்த பட்டாணியைவிட விலை குறைவாகத்தான் இருந்தது. சமைத்தால் மாவு மாதிரி இருக்கிறது. 'ஃப்ரெஷ்' என்று எழுதியிருந்தார்களே, ஏமாந்துவிட்டேனா?

விலைக் கணக்கில் ஏமாந்திருக்கிறீர்கள். மாவாக இருந்தது பட்டாணியின் குணம். கொடியிலிருந்து பறித்ததுமே அதன் சர்க்கரை ஸ்டார்ச்சாக மாறத் தொடங்கிவிடும். குளிரில் வைத்தால் மெதுவாக மாறும், சூட்டில் குவித்து வைத்தால் மளமளவென்று மாறும். தோல் பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே உள்ளே மணி மாவாகியிருக்கலாம். 'ஃப்ரெஷ்' என்ற அட்டை, பறித்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்வதில்லை. உறைய வைத்த பட்டாணியைப் பொதுவாகப் பறித்த சில மணி நேரத்திலேயே வெந்நீரில் முக்கியெடுத்துக் குளிரூட்டிவிடுகிறார்கள். அதனால் நான்கு நாள் கிடந்த 'ஃப்ரெஷ்' பட்டாணியைவிட அது இனிப்பதில் ஆச்சரியமில்லை.

இனி கணக்கு. ஒரு கிலோ தோல் பட்டாணியை உரித்தால் கிடைப்பது சுமார் 350 முதல் 450 கிராம் மணிதான். ஆகவே தோல் பட்டாணியின் விலையை இரண்டரையால் பெருக்கி, அப்புறம் உறைந்த பட்டாணியின் விலையோடு ஒப்பிடுங்கள். மலிவு என்று தோன்றியது பெரும்பாலும் மலிவாக இருக்காது.

அப்படியென்றால் வாங்கவே வேண்டாமா? வாங்கலாம், கையால் பார்த்து வாங்குங்கள். இரண்டு காய்களை ஒன்றோடொன்று தேய்த்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். காம்போடு ஒட்டியிருக்கும் சின்ன இலைகள் காய்ந்து சுருங்கியிருக்கக் கூடாது. காய் புடைத்து, மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் அது முற்றல். கடைக்காரர் தடுக்காவிட்டால் ஒரு மணியை உரித்து வாயில் போட்டுப் பாருங்கள். இனித்தால் வாங்குங்கள், அன்றைக்கே உரித்துச் சமைத்துவிடுங்கள். கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். மாவாக இருப்பதையும் தூக்கிப் போட வேண்டாம். வெங்காயத்தாளோடு வதக்கி, வேகவைத்து அரைத்தால் நல்ல கெட்டியான சூப். போன வருடம் நான் ஒரு பை நிறைய வாங்கி, உரிக்கச் சோம்பேறித்தனப்பட்டு நாலு நாள் ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சூப்தான்.

கேள்வி: ஆஸ்பாரகஸ் தண்டில் மெலிதானதுதான் இளசு என்கிறார்களே, உண்மையா? வாங்கி இரண்டு நாளில் நுனி கொழகொழத்துப் போகிறது.

தடிமனுக்கும் இளமைக்கும் சம்பந்தம் இல்லை. வலுவான வேரிலிருந்து தடித்த தண்டு வரும், நலிந்த வேரிலிருந்து மெல்லியது வரும். இரண்டும் மண்ணைப் பிளந்துகொண்டு வந்த முளைகள்தான். அடுப்பில் நேரடியாகச் சுட்டெடுக்கத் தடித்ததே எனக்குப் பிடிக்கும், உள்ளே சாறு இருக்கும். சட்டென்று வதக்குவதற்கு மெல்லியது.

பார்க்க வேண்டியது இரண்டு முனைகளையும். மேலே மொட்டு இறுக மூடியிருக்க வேண்டும். கீழே வெட்டிய இடம் ஈரமாக இருக்க வேண்டும். அது வெளுத்து, மரத்துண்டு மாதிரி வெடித்திருந்தால் பல நாள் பயணம் செய்து வந்த சரக்கு. கட்டாக ரப்பர் போட்டு விற்பதால் கெட்டது நடுவில்தான் ஒளிந்திருக்கும். கட்டைக் கொஞ்சம் விரித்து, மோந்து பாருங்கள்.

இந்தத் தண்டு வெட்டிய பிறகும் வேகமாக மூச்சுவிடும், அதனால்தான் சீக்கிரம் தளர்கிறது. வீட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் தண்ணீருள்ள டம்ளரில் பூங்கொத்து மாதிரி நிறுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நுனியில் ஈரம் தங்கினால் கொழகொழக்கும், ஆகவே கழுவுவது சமைக்கும்போது மட்டும். பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு தண்டை நாராக்கிவிடும். அதே வாயு கேரட்டைக் கசக்க வைக்கும், கீரையை மஞ்சளாக்கும்.

ஒரு விஷயம். பூமியின் வட பாதியில் வசந்தம் மார்ச் முதல் மே வரை, தென் பாதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. உங்களுக்கு வசந்தம் இல்லாத மாதத்தில் ஆஸ்பாரகஸ் கிடைத்தால், லேபிளில் எந்த நாட்டில் விளைந்தது என்று பாருங்கள். பருவக் காய் என்று நினைத்துத் தொலைதூர விமானக் காய்க்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: கழுவிய பசலைக்கீரை பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டது, கீரை நன்றாகத்தான் தெரிகிறது. சாப்பிடலாமா?

எந்தத் தேதி என்று பாருங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசிக்கும் தரத்துக்குமான தேதி, ஒரு நாள் தாண்டினால் கண்ணையும் மூக்கையும் நம்பலாம். 'யூஸ் பை' என்பது பாதுகாப்புக்கான தேதி. அது தாண்டியதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட்டுவிடுங்கள். வாங்கும்போதே பாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நீர் தேங்கி, ஓர் இலை கறுத்து ஒட்டியிருந்தால் அது மற்றதையும் கெடுக்கும். பெரிய பாக்கெட்டைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், சட்டியில் போட்டால் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: பச்சைக் காய்கள் வேகும்போது பழுப்பாகின்றன. கடையில் சாயம் பூசியிருப்பார்களோ?

நிறம் மாறுவதை மட்டும் வைத்து அப்படிச் சந்தேகப்பட வேண்டாம். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் வெந்தாலோ, புளிப்பு சேர்ந்தாலோ பச்சையம் தானாகவே பழுப்பாகிவிடும். நிறையத் தண்ணீரில், மூடாமல், சீக்கிரம் வேகவையுங்கள். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள். சமையல் சோடா நிறத்தைக் காக்கும், ஆனால் காயைக் குழைத்துவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வசந்தக் காய்கறிச் சமையல் குறிப்புகள் பலவற்றில் மேலே பார்மேசன் சீஸ் தூவச் சொல்கிறார்கள். சீஸ் சைவம்தானே?

எல்லா சீஸும் அல்ல. பாலைத் திரிக்க ரென்னெட் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். பல சீஸ்களில் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது. அசல் பார்மேசனான பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் ரென்னெட்டில்தான் செய்ய வேண்டும் என்று அதன் தயாரிப்பு விதியே சொல்கிறது. லேபிளில் 'மைக்ரோபியல்' அல்லது 'வெஜிடேரியன் ரென்னெட்' என்று போட்டிருந்தால் வாங்கலாம். வெறுமனே 'ரென்னெட்' என்றிருந்தால் நான் எடுக்க மாட்டேன். வறுத்துப் பொடித்த பாதாமில் உப்பும் எலுமிச்சைத் தோல் துருவலும் கலந்து தூவிப் பாருங்கள், ஆஸ்பாரகஸுக்கு அது நன்றாகவே சேரும்.