இறையியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் கேட்டவை

கல்லூரிகளில் ஆய்வேடு முடிக்கும் காலம் நெருங்கிவிட்டது போலும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆய்விதழ் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஐயா, என் எம்.டிஹெச். (இறையியல் முதுகலை) ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை நெறியாளர் மிகவும் பாராட்டினார். அதை அப்படியே கட்டுரையாக அனுப்பலாமா?

அப்படியே வேண்டாம். ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதியது. 'இதையெல்லாம் படித்திருக்கிறேன்' என்று அவருக்குக் காட்டியாக வேண்டும் என்பதால், யார் யார் என்ன சொன்னார்கள் என்றே பல பக்கம் ஓடும். ஆய்விதழைப் படிப்பவருக்கு அதெல்லாம் தெரியும். நீங்கள் புதிதாக என்ன சொல்கிறீர்கள் என்றுதான் அவர் தேடுவார்.

உங்கள் அத்தியாயம் 'ரூத் புத்தகத்தில் அந்நியர்' பற்றியது என்று எழுதியிருந்தீர்கள். அத்தியாயத்துக்கு அந்தத் தலைப்பு சரி, கட்டுரைக்கு அது ரொம்ப அகலம். உள்ளே இருக்கும் ஒரு கேள்வியை உருவி எடுங்கள். ரூத்தை மணக்கப்போகும் போவாஸ், ஊர் வாசலில் மூப்பர்கள் முன் பேசும்போது அவளை மோவாபியப் பெண் என்றே குறிப்பிடுகிறான் (4:5, 10). திருமணம் நடக்கும் 4:13இல் கதைசொல்லி வெறுமனே ரூத் என்கிறார். இதற்குக் காரணம் உண்டா, அல்லது தற்செயலா? இந்த ஒரு கேள்வியை வைத்தே கட்டுரை எழுதலாம். அதற்கு உதவாத பக்கங்கள் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வெளியே போகட்டும். முதல் பக்கத்திலேயே கேள்வியையும் உங்கள் பதிலையும் சொல்லிவிடுங்கள். கடைசிவரை மறைத்து வைக்க இது துப்பறியும் கதை இல்லை.

இன்னொன்று. நம் ஆட்களின் கட்டுரைகள் 'ஆகவே இன்றைய திருச்சபையும்...' என்று முடிவது வழக்கம். ஞாயிறு பிரசங்கத்துக்கு அது பொருந்தும். விவிலிய ஆய்விதழுக்கு அனுப்பும்போது வெட்டிவிடுங்கள்.

முதல் கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பலாமா, இந்திய இதழுக்கா?

உங்கள் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். எந்த இதழின் கட்டுரைகளோடு அதிகம் வாதாடியிருக்கிறீர்களோ, அந்த இதழில்தான் உங்கள் கட்டுரைக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ஒரு பாடபேதத்தை (கையெழுத்துப் படிகளுக்கிடையே சொல் மாறுவதை) பற்றியது என்றால் 'நியூ டெஸ்டமென்ட் ஸ்டடீஸ்' போன்ற இதழ். தலித் இறையியல் அல்லது இந்தியத் திருச்சபை வரலாறு என்றால் பெங்களூரின் 'பெங்களூர் தியாலஜிக்கல் ஃபோரம்', டெல்லியின் 'வித்யாஜோதி', சென்னையின் 'குருகுல்' இதழ் ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாடு என்றால் உயர்வு என்ற எண்ணம் வேண்டாம். எந்த இதழானாலும் அதன் சமீபத்திய இதழ்கள் சிலவற்றைப் படிக்காமல் அனுப்பாதீர்கள். தரம் குறைவு என்பதைவிட 'எங்கள் இதழுக்குப் பொருந்தாது' என்று திரும்பி வரும் கட்டுரைகளே அதிகம் என்பது என் அனுபவம்.

வசன எண்களைத் தமிழ் வேதாகமத்தின்படி கொடுத்தேன். தவறு என்று திருத்தி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

பழைய ஏற்பாட்டில் எபிரேய மூலத்தின் எண்களும் நம் எண்களும் பல இடங்களில் ஒத்துப்போகாது. சங்கீதத் தலைப்பை எபிரேயத்தில் வசனமாக எண்ணுவார்கள். அதனால் நம் வேதாகமத்தில் 51:10ஆக இருக்கும் 'சுத்த இருதயத்தை' அங்கே 51:12. மல்கியா நமக்கு நான்கு அதிகாரம், எபிரேயத்தில் மூன்று. யோவேல் நேர்மாறு: நமக்கு மூன்று, அங்கே நான்கு. மூலத்தை வைத்து வாதிடும்போது எபிரேய எண்ணை முதலில் கொடுத்து, மற்றதை அடைப்புக்குள் போடுங்கள். எஸ்.பி.எல். என்ற விவிலிய ஆய்வாளர் சங்கத்தின் நடைக் கையேட்டைப் பின்பற்றும் இதழ்களில் வசன எண்கள் பொதுவாக அடிக்குறிப்புக்குப் போகாமல் கட்டுரைக்குள்ளேயே வரும்.

எழுத்துரு பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். யூனிகோடு மட்டும்தான். எஸ்.பி.எல். ஹீப்ரு, எஸ்.பி.எல். கிரீக் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய எழுத்துருவில் அடித்த எபிரேயம் பதிப்பாசிரியரின் கணினியில் குப்பையாகத் தெரியும்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறேன். தமிழ்ச் செய்யுளை எப்படிக் கொடுப்பது?

நல்ல தேர்வு. கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்காகப் படித்துச் சொல்லும் மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம், நன்றாகத் தெரிந்தவராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஏற்றபடி எழுத வேண்டும். செய்யுளை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, கீழே உங்கள் மொழிபெயர்ப்பைப் போடுங்கள். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை பரவலாக ஏற்கப்பட்டது. ஆரம்பத்தில் ஒரு முறையைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள். 1894இல் முதலில் வந்த நூலுக்குப் பின்னால் வேறு பதிப்புகளும் உண்டு என்பதால் பக்க எண் மட்டும் போதாது. பருவம், படலம், செய்யுள் எண் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடிப்பார்.

பெயரை நீக்கித்தான் அனுப்பினேன். 'ஆசிரியர் அடையாளம் தெரிகிறது' என்று திருப்பிவிட்டார்களே?

எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பெயரை நீக்கச் சொல்கிறார்கள். நீங்கள் முதல் பக்கத்தில் மட்டும் நீக்கியிருப்பீர்கள். 'என் முந்தைய கட்டுரையில் காட்டியபடி' என்ற வரி, நெறியாளருக்குச் சொன்ன நன்றி, வேர்டு கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயர், எல்லாமே காட்டிக்கொடுக்கும். உங்கள் பழைய கட்டுரையை வேறொருவர் எழுதியது போலப் படர்க்கையில் மேற்கோள் காட்டுங்கள். நன்றியுரையைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு சேர்க்கலாம். வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' என்ற வசதி கோப்பில் உள்ள பெயரை நீக்கிவிடும்.

ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, முதலில் ஏற்பவருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. இந்தத் துறையில் மதிப்பீட்டாளர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டு இதழும் ஒரே ஆளிடம் அனுப்பிவிட்டால் அப்புறம் உங்கள் பெயர் இரண்டு இடத்திலும் கெட்டுவிடும்.

பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். பணம் கேட்பதே மோசடி என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 'எச்.டி.எஸ்.' போன்ற மதிப்புள்ள திறந்த அணுக்க இதழ்களும் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) கட்டணம் வாங்குகின்றன. சந்தேகப்பட வேண்டியது அந்தப் பத்து நாளைத்தான். முறையாக இரண்டு பேர் படித்து, திருத்தம் சொல்லி, நீங்கள் மாற்றி எழுதி முடிக்க அது போதாது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது வெறும் அடையாள எண், தரச்சான்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), தரமான ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்பதால் அதைக் காட்டி வரும் விளம்பரத்துக்கும் மயங்காதீர்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருக்கும் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

ஆங்கிலம் சரளமாக வராது. ஏ.ஐ. உதவியை எடுத்துக்கொள்ளலாமா?

மொழியைச் செம்மைப்படுத்துவதைப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்வார்கள், சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்புகளை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். இல்லாத நூலை, இருக்கும் ஆசிரியர் பெயரில், பக்க எண்ணோடு எழுதித் தந்துவிடும். அப்படி ஒன்று சிக்கினால் மதிப்பீட்டாளர் மீதியைப் படிக்கவே மாட்டார்.

அனுப்பி ஆறு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். கட்டுரைத் தலைப்பு, அனுப்பிய தேதி, பதிவு எண் மூன்றையும் குறிப்பிட்டு, மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டே வரியில் கேளுங்கள். பட்டமளிப்பு நெருங்குகிறது, வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டாம்.