போர் நாவல்களில் இளம் சிப்பாய்கள் படும் கொடுமைகள் மிகைப்படுத்தப்பட்டவையா?

கேள்வி கேட்டவர் ஒரு போர் நாவலைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாராம். "இத்தனை ரத்தமும் குடலும் எதற்கு? பத்தொன்பது வயசுப் பையன்களைக் காட்டி நம்மை அழவைக்கிற வேலைதானே?" என்கிறார்.

ரத்தத்தைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கை கால் பறந்தால் இருபதாம் பக்கத்திலேயே மனசு மரத்துவிடும். அப்படிப் படித்து மறந்துபோன நாவல்கள் எனக்கும் உண்டு. மறக்க முடியாமல் கிடப்பவை வேறு சாமான்கள். ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு பர்ஸ், ஒரு அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த பழ ஜாம். மூன்றும் ஒரே புத்தகத்தில்.

1998-ல் லஸ் முனை பிளாட்பாரத்தில் இருபது ரூபாய்க்கு வாங்கினேன், முன்னட்டை கிழிந்த 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. முதல் உலகப் போரைப் பற்றி எரிக் மரியா ரிமார்க் ஜெர்மனில் எழுதி 1929-ல் புத்தகமாக வந்தது. நாஜிகள் 1933-ல் குவித்துப் போட்டு எரித்தவற்றில் இதுவும் ஒன்று. கதை சொல்லும் பால் என்ற ஜெர்மன் சிப்பாய்க்கு அப்போது என் வயசு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் படித்தேன். (ரிமார்க் போர்முனையில் இருந்ததே ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். 1916-ல் 18 வயதில் பட்டாளத்துக்கு இழுத்தார்கள். 1917 ஜூனில் முனைக்குப் போனார், ஜூலை 31 அன்று குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரி. அந்த ஒன்றரை மாதம் புத்தகமாக வெளியே வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.)

கெம்மரிச் என்று ஒரு பையன். காலை எடுத்துவிட்டார்கள், அவனுக்கே அது இன்னும் தெரியாது. பார்க்க வந்த பள்ளிக்கூடத் தோழர்களில் முல்லருக்குக் கட்டிலடியில் இருக்கும் பூட்ஸ் மேலேயே கண். முழங்கால் வரை வரும் மெத்தென்ற இங்கிலீஷ் தோல். இதை எங்களிடம் விட்டுவிட்டுப் போயேன் என்று கேட்டே விடுகிறான். முதல் தடவை படித்தபோது முல்லரை அறையத் தோன்றியது. ஆனால் பால் அவனைக் கோபித்துக்கொள்வதில்லை. கெம்மரிச்சுக்கு அந்தப் பூட்ஸால் உபயோகம் இருந்தால் முல்லர் வெறுங்காலோடு முள்கம்பி மேல் நடப்பானே தவிர வாய் திறந்திருக்க மாட்டான் என்கிறான். இனி உபயோகம் இல்லை, நல்ல பூட்ஸ் கிடைப்பதும் அரிது. கெம்மரிச்சுக்குப் பிறகு முல்லருக்குப் போகிறது. முல்லர் வயிற்றில் சுடப்பட்டுச் செத்ததும் பாலுக்கு வருகிறது. தனக்குப் பிறகு யாருக்கு என்று பாலும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறான், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது மாதிரி.

அந்தக் கணக்கில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. என்னை உலுக்கியது அதுதான். நேற்றுவரை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியடித்த பையனின் பூட்ஸ் அது.

அடுத்தது பர்ஸ். இரண்டு படைக்கும் நடுவில் ஒரு குண்டுக் குழிக்குள் பால் பதுங்கியிருக்கிறான். மேலே வந்து விழுந்த பிரெஞ்சுக்காரனை யோசிக்காமல் குத்திவிடுகிறான். அந்த ஆள் உடனே சாகவில்லை. மணிக்கணக்காகப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு கிடக்கிறான். பால் தண்ணீர் கொடுக்கிறான், கட்டுப் போடுகிறான். செத்த பிறகு பர்ஸைத் திறந்தால் மனைவி படம், குழந்தை படம், பெயர். ஜெரார் துவால், அச்சுக் கோப்பவர்.

எங்கப்பா கம்போசிட்டர். திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் நாள் முழுக்க நின்றபடி ஈய எழுத்துகளைப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். விரல் நுனியில் ஏறிய கறுப்பு சோறு பிசையும்போதும் போகாது. நான் படித்த வருஷம் டி.டி.பி. என்ற கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு வந்து அவர் வேலை போய்விட்டிருந்தது. இந்த இடத்தைப் படித்ததும் எழுந்து போய் அவரிடம் சொன்னேன், இந்த மாதிரி, செத்தவன் ஒரு கம்போசிட்டர் என்று.

"பிரெஞ்சுல எத்தனை எழுத்து?"

"இங்கிலீஷ் மாதிரிதாம்ப்பா, இருபத்தாறு."

"இருபத்தாறுதானா? அப்ப டயத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பான்" என்றார்.

போர் நாவல் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். பையன்களைப் பலியாகவே காட்டிக்கொண்டு போவார்கள். சாகிறான், அழுகிறான், அம்மா என்கிறான். அவன் கொல்கிறான் என்பதை மட்டும் மங்கலாக்கிவிடுவார்கள். ரிமார்க் அப்படித் தப்பவிடவில்லை. செத்தவனிடம் பால் என்னென்னவோ சத்தியம் செய்கிறான், உன் குடும்பத்துக்கு எழுதுகிறேன், இனி உனக்காகவே வாழ்கிறேன் என்று. மறுநாள் தன் ஆட்களோடு சேர்ந்ததும் அது வடிந்துபோகிறது. அத்தனை நேரம் அவன் பக்கத்திலேயே கிடந்ததால் வந்த உளறல், போர் என்றால் போர்தான் என்று தேற்றிக்கொள்கிறான். குத்திய பக்கத்தைவிட இந்தப் பக்கத்தைத் திருப்பப் பயமாக இருக்கும் எனக்கு.

இப்போது ஜாம். பாலுக்கு லீவு கிடைத்து ஊருக்கு வருகிறான். அக்கா உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவனைப் பார்த்ததும் "அம்மா, பால் வந்துட்டான்" என்று கத்துகிறாள். அவனால் மாடிப்படியில் அடுத்த படி ஏற முடியவில்லை. துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்தில் கண்ணீர் வழிகிறது. அம்மா படுத்த படுக்கை. அவனுக்குப் பிடிக்குமென்று பழ ஜாம் எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே ரொம்ப மோசமா என்கிறாள். இல்லம்மா, அப்படியொன்றுமில்லை என்கிறான். கெம்மரிச்சின் அம்மாவையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. உடனே செத்தான், வலியே தெரியாது என்று சொல்கிறான். அவள் நம்பவில்லை, சத்தியம் கேட்கிறாள். செய்கிறான். ஊர்ப் பெரியவர்கள் பீரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமாகப் புகுந்தால் பாரிஸைப் பிடிக்கலாம் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். லீவில் வந்திருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறான்.

இந்த அத்தியாயத்தை நான் நாவலாகப் படிக்கவில்லை. 1988-ல் எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தார். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் உண்டே, அப்படி ஒரு ஊர். பதினெட்டு வயதில் சேர்ந்தவர். அமைதிப் படையோடு இலங்கைக்குப் போய் லீவில் வந்திருந்தார். பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி. கேன்டீன் ரம்முக்காக அக்கம்பக்கத்து ஆம்பளைகள் எல்லாம் நலம் விசாரிக்க வந்தார்கள். சோறு போட்டுக்கொண்டே அம்மா, "அங்க எப்படிடா இருக்கு?" என்றாள். "கேம்ப்லதான்க்கா, எனக்குச் சமையக்கட்டு டியூட்டி" என்றார். அம்மா அதை நம்பித் தெரு முழுக்கச் சொன்னாள், என் தம்பிக்குச் சண்டையெல்லாம் கிடையாது என்று.

டீக்கடையில் ஒருத்தர் வேறு மாதிரி விசாரித்தார். "நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்து இங்க இன்னா மூஞ்சி வச்சினு டீ குடிக்கிற?" மாமா கிளாஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த ஆள் கேட்டதும் சும்மா கேட்டதில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை செய்த கொலைகள் எழுதப்பட்ட வரலாறு. அந்தப் படையில் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பி வராததும் வரலாறுதான். 1990 மார்ச்சில் படை வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இருபத்திரண்டு வயசுப் பையன் இதையெல்லாம் எந்த மூட்டையில் கட்டிக்கொள்வான்?

அன்று சாயங்காலம் மாமா என்னை மெரினாவுக்குக் கூட்டிப்போனார். நடைபாதை முடியும் இடம்வரை சாதாரணமாக வந்தவர் மணல் ஆரம்பித்ததும் நின்றுவிட்டார். நான் ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், குனிந்து, என் சின்னக் காலடித் தடம் ஒவ்வொன்றின் மேலும் தன் காலை வைத்து வைத்து வந்துகொண்டிருந்தார். விளையாடுகிறார் என்று நினைத்துக் கோணல்மாணலாக ஓடினேன். அவரும் அதே கோணலில் வந்தார். கண்ணிவெடி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருஷம் பிடித்தது.

மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. இந்த மெரினா விஷயத்தை ஒரு நாவலில் எழுதினால் "ரொம்ப சினிமாத்தனம்" என்று எடிட்டரே வெட்டிவிடுவார்.

வேறு புத்தகங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீபன் கிரேனின் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' 1895-ல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவர் எழுதியது. அதில் பையன் பயந்து ஓடுகிறான். அவன் தலையில் படும் காயம் எதிரி கொடுத்ததுகூட இல்லை, தன் படையிலேயே ஓடிவந்த இன்னொருத்தன் துப்பாக்கிக் கட்டையால் அடித்தது. அதையே வீரக்காயமாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், இவனும் திருத்தவில்லை. டிம் ஓ'பிரையன் 'தி திங்ஸ் தே கேரீட்' புத்தகத்தில் வியட்நாமில் அவரவர் சுமந்த பொருள்களை எடையோடு அடுக்குவார். துப்பாக்கி இவ்வளவு பவுண்டு, ஒரு பெண் எழுதிய கடிதங்கள் 10 அவுன்ஸ் என்று மளிகைக்கடைச் சீட்டு மாதிரி போகும். அதே போரில் எதிர்ப்பக்கத்திலிருந்து பாவோ நின் எழுதிய 'தி சாரோ ஆஃப் வார்'. அவரோடு போன 500 பேரில் மிஞ்சியது 10 பேர். அவர் கதாநாயகன் போர் முடிந்த பிறகு காட்டுக்குள் போய்ச் செத்தவர்களின் எலும்பைத் தேடியெடுக்கும் குழுவில் வேலை செய்கிறான்.

தமிழில் என்றால் ஷோபாசக்தியின் 'கொரில்லா'வை முதலில் சொல்வேன். சின்ன வயதிலேயே புலிகள் இயக்கத்துக்குப் போய் வெளியே வந்தவர் எழுதியது. பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்கும் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. தன் கொடுமையை நம்பர் போட்டு ஆபீசருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. ஊர் அப்பனுக்கு வைத்த பட்டப்பெயர் இயக்கத்துக்குள்ளும் பையனை விடாது. சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், சிரித்ததற்காக வெட்கப்படுவீர்கள். அடுத்து குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு'. அதில் பெரும்பகுதி பயிற்சி முகாம்தான். எதிரியே வராத இடத்தில் ஒரு பையனை எப்படி உடைத்துச் செய்கிறார்கள் என்று பார்க்க அதைப் படிக்கலாம்.

சென்னையில் இருப்பவர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய்விட்டு வாருங்கள். மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் பஸ்ஸில் தினம் தாண்டிப் போகிற இடம்தான். இரண்டாம் உலகப் போரில் செத்த 800-க்கும் மேற்பட்டவர்கள், ஒரே அளவுக் கற்கள், கத்தரித்த புல். படைச் சின்னம், பெயர், தேதி, வயசு. வயசை மட்டும் படித்துக்கொண்டே நடந்தால் போதும். சில கற்களில் அடியில் குடும்பத்தார் கொடுத்த ஒரு வரி இருக்கும். முதல் உலகப் போர்க் கல்லறைகளுக்கு அந்த வரி, இடைவெளியும் சேர்த்து, 66 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதியே வைத்திருந்தார்கள். அப்பாவாக இருந்தால் நின்று எண்ணிப் பார்த்திருப்பார்.

மாமா ரிட்டயராகி, ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் பத்து வருஷம் உட்கார்ந்துவிட்டு, இப்போது பட்டாபிராமில் இருக்கிறார். இலங்கை பற்றி நானாகக் கேட்டதில்லை, அவராகச் சொன்னதுமில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்த வாரம் அங்கே போயிருந்தேன். பேச்சுவாக்கில் இந்தப் பூட்ஸ் கதையைச் சொன்னேன். கெம்மரிச், முல்லர், பால் என்று வரிசையாக. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"சைஸ் இன்னா?"

"எது மாமா?"

"அந்த பூட்ஸு. மூணு பேருக்கும் எப்படிச் சேர்ந்துச்சு?"

முல்லருக்குச் சரியாக இருந்தது, பாலுக்கும் நன்றாகவே சேர்ந்தது என்றுதான் ஞாபகம். நம்பரெல்லாம் போடவில்லை என்றேன்.

"எனக்கு எட்டு" என்றார். "வரும்போது ஒம்பது போட்டுனு வந்தேன். முன்னாடி துணி அடைச்சு."

அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். மாமா டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.