பிறப்புப் பத்திரத்தில் எந்தப் பெயர்?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. ‘யாழினி’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பது, பிள்ளை வயிற்றில் இருந்த நாள் முதல் என் ஆசை. என் மாமியாரோ தம் தாயாரின் பெயரான ‘அஞ்சலை’யைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். செம்பனை (எண்ணெய்ப் பனை) வருவதற்கு முன்பு இங்குள்ள தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர் அந்தப் பாட்டி. மாமியார் வேலைக்குப் போன காலத்தில் என் கணவரை வளர்த்தவரும் அவரே. அவருடைய பழைய அடையாள அட்டை இன்றும் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதில் பெயர் ‘அஞ்சலே’ என்று படிக்கும்படி எழுதப்பட்டுள்ளது. குழந்தை கேட்டை நட்சத்திரம், இரண்டாம் பாதம். ‘யா’ பொருந்தும் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். கணவர், “நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்” என்று ஒதுங்கிக்கொண்டார். இந்தக் காலத்தில் அஞ்சலை என்று வைத்தால் பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா? இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்துவிடலாமா?

– ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.

பதில்: சகோதரி, உங்கள் ஊரின் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2007ஆம் ஆண்டு வரை அது பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகை மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், அங்குள்ள பெரியவர்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் ஊருக்குப் போகிறார்கள், வருகிறார்கள். எழுத்தில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக வாழ்வது உங்கள் ஊருக்கே பழகிப்போன காரியம். உங்கள் கேள்விக்கான விடையும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் யாழினியைப் பார்ப்போம். அந்தப் பெயரின் அழகு முழுவதும் நடுவில் நிற்கும் ழகரத்தில் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் ரூமி (மலாய்க்குரிய ரோமன்) எழுத்தில் எழுதப்படுவது. ரூமியில் ழகரத்துக்கு எழுத்து இல்லை. ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்து எழுதினால், நம் வழக்கத்தை அறியாத மலாய் ஆசிரியர் அதை ‘யாஸ்ஹினி’ என்றுதான் படிப்பார். அவர்மீது குற்றமில்லை, அவருடைய மொழியில் அந்த எழுத்துகளுக்கு அந்த ஒலிதான். ‘எல்’ போட்டு எழுதினால் படிப்பது எளிது, ஆனால் யாழ் போய் ‘யாலினி’ ஆகிவிடும். நான் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், வகுப்புப் பதிவேட்டில் லெட்சுமி என்ற ஒரே பெயர் ஒருத்திக்கு நடுவில் ‘டி’யுடனும், மற்றொருத்திக்கு ‘டி’ இல்லாமலும், இன்னொருத்திக்கு ஈற்றில் ‘ஒய்’யுடனும் இருந்தது. மூவரும் தத்தம் எழுத்துகளை ஒவ்வொரு பாரத்திலும் (படிவத்திலும்) பார்த்துப் பார்த்து எழுதியதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

அஞ்சலைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏ, என், ஜே, ஏ, எல், ஏ, ஐ என்று ஏழு எழுத்துகளில் பெயர் சிந்தாமல் அடங்கிவிடுகிறது. நாள்தோறும் ‘சுங்கை’, ‘பந்தாய்’ என்று சொல்லும் மலாய் நாவுக்கு அந்த ஈறு அந்நியமும் அல்ல. நம் ‘கடை’யையே ‘கெடாய்’ என்று எடுத்துக்கொண்ட மொழிதானே அது! பாட்டியின் அட்டையில் ‘அஞ்சலே’ என்று இருப்பதற்குக் காரணம், மலையை ‘மலெ’ என்று பேசும் நம் பேச்சு வழக்கு. காதில் விழுந்ததை அந்தக் காலத்து எழுத்தர் அப்படியே எழுதியிருப்பார். பாட்டியின் மீதுள்ள மரியாதையால் அந்தப் பிழையையும் கொள்ளுப்பேத்திக்கு எழுதி வைத்துவிடாதீர்கள்.

கேலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பழைய பெயர் என்பதற்காக யாரும் அதிகம் சிரிக்கப் போவதில்லை. பிற இனப் பிள்ளைகளுக்கு யாழினி புதியது, அஞ்சலை பழையது என்ற வேறுபாடே தெரியாது. உண்மையான இடர் வேறொன்று: நாயைக் குறிக்கும் ‘அஞ்ஜிங்’ என்ற மலாய்ச் சொல்லும் இதே ஒலியில் தொடங்குகிறது. இதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொல்வது முறையாகாது. வீட்டில் ‘அஞ்சு’ என்று சுருக்கிக் கூப்பிட்டுப் பழக்கி, அது பள்ளி வரை போனால்தான் இந்த வம்பு வளரும் என்பது என் அனுபவம். முழுப் பெயராக நின்றால் பெரும்பாலும் வராது.

வீட்டில் அப்படிச் சுருக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. நம் பழைய வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மாமியார், மாமனார் போன்ற கணவர் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. அதே பெயரைத் தாங்கிய பிள்ளை குறும்பு செய்தால், “அடி அஞ்சலை” என்று எப்படித் திட்டுவது? அதனால்தான் பெரியவர் பெயரை வைத்த வீடுகளில் பிள்ளையைப் பாப்பா என்றும், ஆயா என்றும், அம்மாயி என்றும் வேறு பெயரில் கூப்பிட்டார்கள். பத்திரத்தில் அஞ்சலை இருக்கட்டும், நீங்கள் கூப்பிடும் பெயர் யாழினியாக இருக்கட்டும். ழகரம் சரியாக ஒலிக்கும் ஒரே இடம் உங்கள் வீடுதான். (நம் தோட்டப் பேச்சில் மழையே ‘மளெ’ ஆகிவிடுவதால், அதற்கும் நீங்கள் சற்றுப் பாடுபட வேண்டியிருக்கும்.) நட்சத்திர எழுத்தும் இதனால் நிறைவேறிவிடும், பெயர் சூட்டும் நாளில் காதில் மூன்று முறை சொல்லப்படும் பெயருக்குத்தான் அந்த எழுத்து வேண்டும், பத்திரத்துக்கு அல்ல.

இரண்டையும் சேர்த்து எழுதுவதை நான் விரும்பவில்லை. ‘அஞ்சலை யாழினி’, அதன் பின் ஏ/பி (‘மகள்’ என்பதன் மலாய்ச் சுருக்கம்), அதன் பின் தந்தை பெயர் என்று மைகிட் என்ற குழந்தை அடையாள அட்டையில் நீண்டு, பன்னிரண்டு வயதில் பெறும் மைகார்டு அடையாள அட்டையிலும் நீளும். பாரங்களின் கட்டங்களில் அடைத்து எழுதும்போதெல்லாம் பிள்ளைதான் சலித்துக்கொள்ளும். அது இரு பெண்களைச் சமாதானப்படுத்த எழுதிய பெயராகவே இருக்கும்.

அஞ்சலை என்ற பெயரில் உங்களுக்குப் பெருமை தோன்றவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. கடலூர் அஞ்சலையம்மாளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்றவர். அவருடன் சிறு வயது மகள் அம்மாக்கண்ணுவும் அப்போராட்டத்தில் கலந்துகொண்டாள். காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் மாற்றினார். தாயின் பெயரோ அஞ்சலையாகவே நின்றது. அதன் வேர்ச்சொல் எதுவாக இருந்தாலும், பேச்சில் காதில் விழும்போது ‘அஞ்சவில்லை’ என்றே அது கேட்கிறது. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்), செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கிராணி (எழுத்தர்) கூப்பிட்டபோது, உங்கள் வீட்டுப் பாட்டி பல்லாண்டுகள் பதில் கொடுத்த பெயர் அது.

தீபகற்பத்தில் பிறப்பைப் பதிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகும் நாளில் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கையொப்பம் இடுவதற்கு முன் எழுத்துகளைச் சரிபார்க்கும்போது, ஈற்றில் இருப்பது ‘ஏ’யும் ‘ஐ’யும்தானா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.