சிறையிலிருந்து வந்த கேள்வி

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் இந்தத் திருவருகைக் காலத்தில் நான் தாழ்மையான சாட்சியாக வாழ விரும்புகிறேன். அலுவலகத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். தினமும் ஒரு வசனத்தை நான் ஸ்டேட்டஸில் போடுகிறேன். யாராவது பாராட்டினால் எனக்குள் பெருமை வந்துவிடுகிறது. டிசம்பர் 25க்கு முன்பே நடக்கும் அலுவலகக் கொண்டாட்டத்தில் நான் கலந்துகொள்ளலாமா? என் விசுவாசமே தள்ளாடும் நாட்களில் எப்படிச் சாட்சியாக நிற்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொண்டாட்டத்துக்குப் போங்கள். அன்பாகக் கூப்பிடுகிறவர்களிடம் காலண்டரைக் காட்டித் திருத்தம் சொல்லாதீர்கள். ஸ்டேட்டஸ் உங்கள் இஷ்டம். பெருமை வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் கடிதத்தில் எத்தனை ‘நான்’ என்று பாருங்கள். தன் தாழ்மைக்கு ஓயாமல் நாடி பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பக்கத்து மேஜைக்காரர் ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை என்பது கண்ணில் படுமா?

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தின் இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் இயேசுவுக்கு முன்னோடியாக வந்து யோர்தான் நதியில் ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகனுக்கு உரியவை. நம் பிரசங்கங்களில் அவர் யோர்தானை விட்டு நகர்வதே இல்லை. இயேசுவைப் பற்றி ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்’ என்று சொல்லவைத்து அனுப்பிவிடுவோம். அதன் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார்? மத்தேயு சுவிசேஷத்தில் 11ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஆலயத்தில் வேதம் வாசிக்கும் மூன்று வருடச் சுற்றில் ஒரு வருடம் மூன்றாம் ஞாயிறுக்கு அதுதான் வரும். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர், ரோஜா நிற மெழுகுவர்த்தி வேறு. வாசகத்திலோ யோவான் ஏரோது அரசனின் சிறையில் கிடக்கிறார். சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேரஸ் கோட்டை என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதுகிறார். அங்கிருந்து யோவான் இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார்: ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?’

யோவானுக்குச் சந்தேகமே இல்லை, சீஷர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் கேட்டார் என்று பழைய உரைகாரர்கள் சமாளிப்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. ‘போய் யோவானுக்கு அறிவியுங்கள்’ என்றுதானே இயேசு சொல்கிறார்? கேட்டவருக்குத்தான் பதில் போகிறது. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம். எல்லாம் ஏசாயா தீர்க்கதரிசியின் வாசனை அடிக்கும் வரிகள். ஆனால் ஏசாயா 61ல் தரித்திரர் வரும் அதே வசனத்தில் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையும் இருக்கிறது. அதை மட்டும் இயேசு சொல்லவில்லை. சிறையில் இருப்பவருக்கு அனுப்பிய பதிலில் சிறை இல்லை! வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் யோவான். விடுபட்டது எது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? விடுதலை வரவும் இல்லை. தலைதான் போனது.

வந்தவர்கள் திரும்பிப் போகும்போதுதான், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு ஜனங்களிடம் சொல்கிறார். யோர்தான் கரையில் ஊரே திரண்டு நின்றபோது கிடைக்காத பாராட்டு, இந்தக் கேள்விக்குப் பிறகு கிடைக்கிறது.

எனக்குத் தெரிந்த சபை மூப்பர் ஒருவர், மனைவி நெடுநாள் படுக்கையில் கிடந்த சமயம், சாட்சி நேரத்தில் எழுந்து, “ஜெபித்தோம், சுகம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. காத்திருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவசர அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பீடத்தில் நான் கேட்ட உண்மையான சாட்சி அது ஒன்றுதான். நமக்கோ ஜெயித்தவன் சாட்சிதான் வேண்டும்! காத்திருக்கும் காலம் என்று பெயர் வைத்துக்கொண்டு, காத்திருக்கிறேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் நமக்குக் கை கால் உதறுகிறது.

சரி, அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் அதே கேள்வியோடு யோவானிடம் போனார்கள். வேலையை விடச் சொல்லவில்லை அவர். விதித்ததற்கு மேல் வாங்காதே, யாரையும் மிரட்டாதே, சம்பளம் போதுமென்றிரு என்றார். லூக்கா 3ல் இருக்கிறது. அதை வேண்டுமானால் ஸ்டேட்டஸில் போடுங்கள், உங்கள் மேலாளரும் பார்க்கட்டும்.