பாய்லர் அறையில் கரி அள்ளிய பாடகர்: விக்டர் சோய் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

சோவியத் ராக் குழுவான கீனோவின் பாடகர் விக்டர் சோயைக் கலகக்காரர் என்று சொல்லியிருந்தேன். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கலகக்காரர் என்கிறீர்கள் அண்ணா. அவர் பாட்டில் அரசைத் திட்டுவதையே காணோமே?

அவருடைய கலகம் திட்டுவதில் இல்லை தம்பி. ‘சோம்பேறி’ என்றே ஒரு பாட்டு வைத்திருக்கிறார். வேலைக்குப் போகாமல் இருப்பதே குற்றமாக இருந்த நாட்டில் அப்படிப் பாடியதை யோசித்துப் பாருங்கள். கவிஞர் பிராட்ஸ்கிக்கு 1964இல் அந்தச் சட்டத்தில்தான் தண்டனை கொடுத்தார்கள். அதனால் லெனின்கிராட் இசைக்கலைஞர்கள் பலரும் காவலாளி, தெரு கூட்டுபவர் என்று ஏதாவது ஒரு வேலையில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். சோய் ‘கம்சாட்கா’ என்ற பாய்லர் அறையில் கரி அள்ளிப் போட்டார். பதிவேட்டில் அவர் தொழிலாளி. மீதி நேரமெல்லாம் பாட்டு. அந்த அறை இப்போது அவர் நினைவாக அருங்காட்சியகமாக இருக்கிறது.

கேள்வி: ரெக்கார்ட் கம்பெனியே அரசுடையது. அப்புறம் பாட்டு எப்படிப் பரவியது?

ரீல் டேப்பில்தான். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் நகலெடுப்பார், அதிலிருந்து மற்றொருவர். 1982இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் ‘45’. ஓடும் நேரம் சுமார் 45 நிமிடம், அவ்வளவுதான் பெயர்க்காரணம்.

கேள்வி: ‘மாற்றம்’ பாட்டு அரசியல் பாட்டுதானே சார்?

அப்படி நினைத்து எழுதவில்லை என்று அவரே சொன்னார். ஆனால் 1987இல் ‘அஸ்ஸா’ படத்தின் முடிவில் அது ஒலித்ததும் மக்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்டில் பெலாரஸின் மின்ஸ்க் நகரில், அரசு சார்பு நிகழ்ச்சி ஒன்றில் இதை ஒலிக்கவிட்ட ஒலிப்பணியாளர்கள் இருவருக்குப் பத்து நாள் சிறை. எழுதியவர் இறந்து முப்பது வருடம் ஆகியும் ஒரு அரசு அந்தப் பாட்டுக்குப் பயந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: மரணத்தில் மர்மம் உண்டா?

இல்லை. 1990 ஆகஸ்ட் 15, லாத்வியா. கார் பேருந்தில் மோதியது. ஓட்டும்போதே தூங்கிவிட்டார் என்பதே விசாரணையின் முடிவு. வயது 28. அதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் மாஸ்கோ லுஷ்னிகி அரங்கம் நிரம்பப் பாடியிருந்தார்.

கேள்வி: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

1988இல் வந்த ‘ரத்த வகை’. சட்டைக் கையில் ரத்த வகையைப் பொறித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவனின் பாட்டு அது. ஆப்கான் போர் நடந்த காலம் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். குழுவின் கிட்டார் கலைஞர் கஸ்பர்யானின் வாசிப்பைத் தனியாக ஒருமுறை கவனியுங்கள். ‘கறுப்பு ஆல்பம்’ மட்டும் கடைசியில் இருக்கட்டும். சோய் பாடிவைத்துப் போன டெமோவின் மேல், அவர் இறந்தபின் மற்றவர்கள் வாசித்து முடித்தது அது.